முகம்மது கனியின் நீலக் கோடு

காலையில் கடைப் பலகைகளை எடுத்து வைத்ததும் முகம்மது கனி சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைப்பார். புதுச் சட்டை போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக மாட்டிய கண்ணாடி அது. முக்காலியில் உட்கார்ந்துகொண்டு முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் அதன்மேல் தூக்கிப் பிடித்து, உள்ளங்காலை ஒரு மூலை விடாமல் பார்ப்பார். விரல் இடுக்குகளில் மல் துணியை விட்டுத் துடைப்பார். கோரிப்பாளையம் முனையில் ஜட்காவும் மாட்டு வண்டியும் பஸ்ஸும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கும் நேரம். அவர் தலை நிமிராது.

"மூஞ்சியில என்ன இருக்கு தம்பி? நேத்து இருந்ததுதான் இன்னைக்கும். காலுதான் தெனம் ஒரு சேதி வச்சிருக்கும்" என்பார்.

கனி தையல்காரர். வயது ஐம்பத்திரண்டு. ஒடிசலான உடம்பு, கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா, காதில் பென்சில் இருக்க வேண்டிய இடத்தில் துணியில் கோடு போடும் நீலச் சுண்ணக்கட்டி. அதனால் அவருடைய வலது காது எப்போதும் கொஞ்சம் நீலம். எட்டு வருஷமாக என் சட்டைகளை அவர்தான் தைக்கிறார். அவர் சொன்ன தேதியில் ஒரு சட்டைகூட என் கைக்கு வந்ததில்லை. "வெள்ளிக்கிழமை வாங்க" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். ஆனால் வந்து சேர்கிற சட்டை உடம்பில் உட்கார்ந்தால் வேறு தையல்காரரிடம் போக மனசு வராது. இதுதான் அவருக்குத் தெரிந்த வியாபாரத் தந்திரம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கொல்லையில் அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. முதலில் அதைப் பார்த்தவர் அவர் மனைவி சபுரா. "இங்க பாருங்க, எறும்புக்கு நீங்க சக்கரப் பொங்கலா வச்சீங்க?" என்று கேட்டாராம். ஆஸ்பத்திரியில் நீரிழிவு என்றார்கள். கனி மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, டீயில் சர்க்கரையை மட்டும் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டார். அதையே பெரிய தியாகமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

வியாதி அதற்கெல்லாம் ஏமாறவில்லை. பெருவிரலில் தொடங்கிய மதமதப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக் கணுக்கால் வரை வந்தது. வெளியே மரத்துப் போன அதே கால் உள்ளே எரிந்தது. "தொட்டாத் தெரியல. தொடாம விட்டா திகுதிகுன்னு எரியுது. இது என்ன தம்பி நியாயம்?" என்று என்னிடமே வழக்குத் தொடுத்தார். தையல் மிஷினின் மிதியில் கால் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பது காலுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்து மிதிக்கப் பழகிக்கொண்டார். மிஷின் ஓடினால் கால் இருக்கிறது என்று அர்த்தம்.

போன வருஷம் நோன்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. ரம்ஜான் பெருநாளுக்காகத் துணி குவிந்திருந்தது. கனி தேய்த்து முடித்த கரி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. பதறி எழுந்து, "யாரு துணிடா கருகுது!" என்று ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்தார். ஒரு பொத்தல் இல்லை, ஒரு கறை இல்லை. "அல்லா காப்பாத்துனான்" என்று பெருமூச்சு விட்டு மறுபடி உட்காரப் போனவரை, டீ கொண்டு வந்த சபுராவின் அலறல்தான் நிறுத்தியது. இடது காலின் ஓரம் பெட்டியில் ஒட்டி வெந்து போயிருந்தது. ஊரார் துணியையெல்லாம் சோதித்தவருக்குத் தன் காலைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. நாற்பது நாள் அந்தக் கால் தரையில் படக்கூடாது, எதையும் மிதிக்கக் கூடாது. தினமும் இன்சுலின் ஊசி, தினமும் கட்டு மாற்ற வேண்டும். புண் எலும்புக்குப் போனால் விரல்களை எடுக்க வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் பாதத்தை. "நாப்பது வருஷம் ஊசி பிடிச்ச எனக்கு ஊசி போடுறாங்க" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர், ஜட்காவில் ஏறியதும் அழுதுவிட்டாராம். இதை அவரே சொன்னார். கால் போன தையல்காரனுக்கு வீட்டில் என்ன வேலை என்பதுதான் அவர் கேள்வி.

பதில் சபுராவிடம் இருந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு பச்சைத் திரை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு நல்லகாமனைக் கூப்பிட்டு மிஷினைத் திரைக்கு உள்பக்கம் தூக்கி வைக்கச் சொன்னார். அதன் முன்னால் ஒரு நீளப் பலகையைப் போட்டு மிதிக்கு நேராகத் தான் உட்கார்ந்தார். கனி பக்கத்தில், இடது காலைத் தலையணையில் நீட்டிக்கொண்டு.

"மிதி என்னுது. துணி உங்களுது" என்றார் சபுரா.

"உனக்கு மிதிக்கத் தெரியுமா?"

"இருபத்தெட்டு வருஷமா உங்க மிஷின் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். எங்க வேகம், எங்க நிதானம்னு எனக்குத் தெரியாதா?"

முதல் இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து தையல் சத்தத்தைவிடச் சண்டைச் சத்தம்தான் அதிகம் கேட்டது. "நிறுத்து, நிறுத்துன்னா நிறுத்தணும்!" "நிறுத்துன்னு சொல்றதுக்குள்ள ரெண்டு வெரக்கடை ஓடிப்போச்சு, நான் என்ன பண்ண?" ஒரு ஜிப்பாவின் கைகள் இரண்டும் சேர்ந்து தைக்கப்பட்டுப் பிரிக்கப்பட்டன. மூன்றாம் நாள் சண்டை குறைந்தது. ஒரு வாரத்தில் கனி வாயைத் திறக்கும் முன்பே மிஷின் நின்றது. திரைக்கு இந்தப் பக்கம் காத்திருந்த எங்களுக்கு, உள்ளே ஒரே ஆள்தான் தைக்கிறார் என்று தோன்றும்.

ஊசி போட்டுக்கொள்வதால் அந்த வருஷம் நோன்பு வைக்க முடியவில்லை. அதுதான் காலைவிட அவருக்கு அதிகம் வலித்தது. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பள்ளிவாசலில் எடுத்துச் சொன்ன பிறகும், பகலில் கேழ்வரகுக் களியைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். பெருநாளைக்கு முந்தின நாள் மாலைக்குள் எல்லாச் சட்டைகளும் முடிந்திருந்தன. எனக்குத் தெரிந்து கனி ஊராருக்குச் சொன்ன தேதியில் சட்டை கொடுத்தது அந்த ஒரு முறைதான். மிதி சபுராவுடையதாக இருந்தது காரணம் என்று நான் சொல்வேன். கனி ஒப்புக்கொள்ள மாட்டார்.

நாற்பத்தோராம் நாள் கட்டைப் பிரித்த டாக்டர், "விரல் தப்பிச்சது பாய்" என்றார். ஆனால் நரம்பு சீக்கிரம் தேறாது, சர்க்கரையைப் பிடித்து வைத்தால் மெள்ள மெள்ளத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றும் சொன்னார். கனிக்குத் 'திரும்பலாம்' என்பது மட்டும் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து அவர் வேறு மனிதர். ஐந்து வேளைத் தொழுகைக்கு முன் ஒளு எடுக்கும்போது, பிறர் காலைக் கழுவுவார்கள். இவர் காலை விசாரிப்பார். கொதிக்கிற வெயிலில் தர்கா முற்றத்தில் நடக்க வேண்டி வந்தால் குனிந்து தரையைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே கால் வைப்பார். திருப்பரங்குன்றத்திலிருந்து நேர்ச்சைக்கு வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கனி தடுக்கவில்லை. படுக்கையில் போர்வை உரசினாலே பாதம் எரியும் என்பதால் பழைய குடைக் கம்பிகளை வளைத்துக் கால்மாட்டில் ஒரு கூண்டு கட்டிக்கொண்டார். போர்வை கம்பியின்மேல் கிடக்கும், கால் நிம்மதியாக உள்ளே கிடக்கும். எரிச்சல் போய்விடவில்லை. ஆனால் தூங்கவிடுகிறது.

காலில் மாட்டும் உறையான மேஜோடும் அவரே தைத்துக்கொண்டார். கடையில் விற்கிற மேஜோட்டின் தையல் விரலில் அழுத்திப் புண்ணாக்கும் என்று, பழைய மல் வேட்டியை வெட்டி, தையல் எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி புரட்டித் தைத்தார். பார்க்கிறவர்கள், அவசரத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டார் என்று நினைப்பார்கள்.

நூல் வியாபாரி துளசிராம் அப்படித்தான் நினைத்தார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர், "என்ன பாய், தையக்காரரே மேஜோட்டை உள்வெளியா மாட்டியிருக்கீங்க?" என்று கேலி செய்தார். கனி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தன் காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செருப்பைக் கழற்றி வைத்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கும் எரியுதா?" என்றார் மெதுவாக.

துளசிராமின் கேலி அத்தோடு நின்றது. வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றார். கனி செருப்பைத் தூக்கி உதறினார். முன்பட்டைக்கு அடியிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சல்லிக்கல் விழுந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டு மாசி வீதி முழுக்க நடந்திருக்கிறார் அந்த மனிதர். கனி கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தார். இப்போது துளசிராமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அவரைச் சேர்த்து ஒன்பது பேருக்கு அந்தப் புரட்டித் தைத்த மேஜோடு போயிருக்கிறது. ஒன்பதும் சொன்ன நாளில் போயின. எனக்குப் பொறாமைதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவருடைய வெள்ளிக்கிழமைக் கணக்கெடுப்பு. ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் மேஜோட்டைக் கழற்றுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூல் நுனியால் விரலிலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டே போவார். நூல் படுவது எங்கே தெரிகிறதோ அங்கே நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. கணுக்கால் எலும்பிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நாடாவால் அளப்பார். அடுத்த ஒளுவில் கோடு அழிந்துவிடும். அளவு மனசில் நிற்கும். "நரம்பு இறங்கி வருதான்னு பாக்குறேன் தம்பி." பத்து மாதமாகக் கோடு எலும்பை விட்டு நகரவில்லை. "எம்புட்டு?" என்று உள்ளிருந்து சபுரா கேட்பார். "அம்புட்டேதான்" என்பார் இவர். குரலில் சோர்வு இருக்காது. அடுத்த வாரமும் அளப்பார்.

போன வெள்ளிக்கிழமை என் சட்டைக்காகப் போயிருந்தேன். முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கனி அப்போதுதான் இரண்டு காலிலும் கோடு போட்டு, அளந்து, "அம்புட்டேதான்" சொல்லி முடித்து, என் சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். சட்டென்று ஊசி நின்றது. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"தம்பி, எடது கால்ல என்னமோ சுருக்குங்குது. உள்ள இருக்கிற வலிதானா, இல்ல வெளிய எதுவும் இருக்கா? பாத்துச் சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

குனிந்து பார்த்தேன். நீலக் கோட்டுக்குக் கீழே, பாதத்தின்மேல், ஒரு சிவப்பு எறும்பு தலையைக் குத்திக் கடித்துக்கொண்டிருந்தது.

"எறும்பு பாய்" என்றேன். தட்டிவிடக் கையை நீட்டினேன். கனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். சபுரா, நாடாவை எடு!"

திரைக்குப் பின்னாலிருந்து, "ஒங்க கழுத்துலதான் கெடக்கு" என்று பதில் வந்தது. பிறகு திரை விலகியது. வாடிக்கையாளர் இருக்கும்போது திரையைத் தாண்டாத சபுரா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து, அவர் காலருகே உட்கார்ந்து நாடாவின் ஒரு நுனியைக் கணுக்கால் எலும்பில் வைத்துப் பிடித்தார். கனி மறுநுனியை எறும்பு வரைக்கும் இழுத்தார். ஒன்றேகால் அங்குலம். காதிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து அந்த இடத்தில் புதிதாக ஒரு கோடு போட்டார். பிறகுதான் ஒரு துண்டுத் துணியின் ஓரத்தை எறும்புக்கு முன்னால் நீட்டி, அது ஏறிக்கொள்ளும் வரை காத்திருந்து, வாசற்படியில் மெதுவாக இறக்கிவிட்டார்.