மச்சு வீட்டுச் சுவர் வெயில்

பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் தலையில் வெயில் பட்டுச் சூடேறும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், அந்த வாசனையைத் தைமாதத்தில் எங்கே மோந்தாலும் என் முதுகு தானாக ஒரு சுவரைத் தேடும். இண்டூர்ப் பக்கத்தில் எங்கள் ஊருக்குக் குளிர் என்றால் மார்கழி இல்லை, அதற்கு அப்புறம் வருகிற தையும் மாசியும்தான். மார்கழிக் குளிர் வெளியே நிற்கும், தைக் குளிர் உள்ளே வந்து உட்காரும். பின்பனி என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். நான் அஞ்சாங்கிளாசோடு நின்றவன், எனக்கு அது 'பல்லுகிட்டுற குளுரு', அவ்வளவுதான்.

அந்தக் குளிரில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள எங்கள் அம்மா வைத்திருந்த வழிகளை இன்றைக்குச் சொன்னாலும் எந்த டாக்டரும் தப்பு சொல்ல முடியாது. காலையில் களி சூடாக இருக்க வேண்டும், பழையது கூடாது. ராத்திரிக்குக் கொள்ளு ரசம். குதிகால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய், தடவிவிட்டு மண்ணில் கால் வைத்தால் அடி விழும். ஈரத்தலையோடு படுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே காலை வெயில். "மருந்து பாதி, முதுவுல படற வெயிலு பாதி" என்பது அம்மாவின் சட்டம். எனக்கு ஐம்பது தாண்டியும் மாத்திரை டப்பா இல்லை. என் வயசுக்காரர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் வெயில் காய ஒரு சுவர் வேண்டுமே. எங்கள் வீடு மேற்கே பார்த்த கூரை வீடு, சூரியன் எங்கள் வாசலுக்கு வர மத்தியானம் ஆகிவிடும். தெருவிலேயே கிழக்கே பார்த்து, நீளமாக, காற்று அடிக்காமல் இருந்தது ஒரே சுவர்தான், மச்சு வீட்டுச் சுவர். ஊரில் மாடி இருந்தது அந்த ஒரு வீட்டுக்கு, அதனால் அதற்கு மச்சு வீடு என்று பேர், அதன் சொந்தக்காரர் சவரிமுத்துவுக்கு 'மச்சு வூட்டுக்காரர்' என்று பேர். எங்களுக்குத் தூரத்துப் பங்காளி, முறைக்குப் பெரியப்பா. மாதா கோயிலில் அவருக்கு முன்வரிசை, எங்களுக்குக் கதவோரம்.

என் தங்கச்சி ரோசாவுக்கு இழுப்பு உண்டு. தை பிறந்துவிட்டால் அவள் நெஞ்சுக்குள்ளே யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி சத்தம் வரும். அம்மா அவளுக்குத் தலையிலும் நெஞ்சிலும் அந்த எண்ணெயைத் தேய்த்து, என் கையில் பிடித்துக் கொடுத்து, "மச்சு வூட்டுச் செவுத்துல கொண்டுபோயி சாத்துடா, மூச்சு லேசாவற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று அனுப்புவாள். நாங்கள் போகும்போது தெருப்பிள்ளைகள் அங்கே ஏற்கெனவே வரிசையாகச் சாய்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ரோசாவின் நெஞ்சுக் கதவு சத்தம் அடங்கும், சிரிப்பாள், அப்புறம் என்னைக் கிள்ளுவாள். கிள்ளினால் குணமாகிவிட்டது என்று அர்த்தம்.

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் அது. எண்ணெய்த் தலைகள் சாய்ந்தால் கறை படாதா? பட்டது. சின்னதும் பெரியதுமாக வட்ட வட்டமாக, தலை உயரத்துக்கு ஒரு வரிசை. எது யார் கறை என்று எங்களுக்குள் சண்டைகூட வரும். ஒருநாள் மச்சு வூட்டுக்காரர் பல்குச்சியோடு வெளியே வந்து பார்த்தார்.

"ஏண்டா, உங்கப்பன் ஊட்டுச் செவுராடா இது? சாஞ்சி சாஞ்சே தேச்சிருவீங்களாட்ட இருக்குதே!"

"செவுரு தேயாதுங்க பெரீப்பா, வெயிலுதான் காயறோம்" என்றேன் நான்.

"வாயப் பாரு. வெயிலு வேணும்னா செவுரு கட்டிக்கடா, கட்டிக்கிட்டு அதுல சாஞ்சுக்க."

அந்த வருசம் பென்னாகரம் ரோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் கிடந்த தார் டப்பா ஒன்று எப்படியோ அவர் வீட்டுக்கு வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஆள் வைத்து, தரையிலிருந்து பெரிய ஆளின் நெஞ்சு உயரம் வரைக்கும் சுவர் முழுக்கத் தாரைப் பூசிவிட்டார். மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தோம். பனியில் இறுகிப்போய்த் தார் கல்லு மாதிரி இருந்தது, தொட்டால் கையில் ஒட்டவில்லை. எங்களுக்குத் தாரைப் பற்றி என்ன தெரியும்? சூரியன் வந்ததும் வெள்ளைச் சுவரைவிடக் கறுப்புச் சுவர் இன்னும் சுருக்காகச் சுட்டது. "பெரீப்பா நமக்கு நல்லதுதாண்டா பண்ணியிருக்காரு" என்றுகூடச் சொன்னேன். அந்தச் சூட்டு சுகத்தில் ரோசா தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கியே போய்விட்டாள். வெயில் ஏற ஏறத் தார் இளகியிருக்கிறது. மற்ற நாங்கள் எல்லாம் சட்டை பிசுபிசுத்ததும் குதித்து எழுந்தோம். அவளுக்கு முதுகுவரை முடி. இழுத்தேன், வரவில்லை. அவள் போட்ட கூச்சலில் அவளுக்கு இழுப்பும் சேர்ந்துகொண்டது. மாடியிலிருந்து மச்சு வூட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என் செவுரு தேயலடா, அவ மசுருதாண்டா தேயுது!" என்று சிரித்தார்.

அம்மா கத்தரிக்கோலோடு ஓடிவந்து கழுத்தோரம் வெட்டித்தான் அவளை எடுத்தாள். மிச்ச முடியில் இருந்த தாரை மண்ணெண்ணெய் ஊற்றியும் கழுவ முடியாமல், அதையும் ஒட்ட வெட்டினாள். வெட்டிய முடி சுவரிலேயே தொங்கியது. அந்த விபூதிப் புதன்கிழமை ரோசா மொட்டைத் தலையோடு சாம்பல் வாங்கப் போனபோது முன்வரிசையில் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எல்லோரும் சேர்ந்து செபம் சொல்லும்போது, நமக்குத் தீமை செய்தவரை மன்னிக்கிற அந்த இடம் வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு அப்புறமும் பல வருசம், அந்த இடம் வந்தால் மூடிக்கொள்வேன். சாமிக்குத் தெரியாமலா இருக்கும்.

வெயிலுக்குச் சுவர் இல்லாமல் போனதில் ரோசா அந்த மாசி முழுக்க இழுத்தாள். ராத்திரியில் அம்மா அவள் முதுகை நீவிக்கொண்டே, "தைப்பனி தரையத் தொளைக்கும், மாசிப்பனி மச்சத் தொளைக்கும்" என்று குளிரைத் திட்டுவாள். அது ஊரில் எல்லோரும் சொல்கிற சொலவடைதான். நான் அதை நம்பினேன். தினமும் காலையில் எழுந்ததும் மச்சு வீட்டு மாடியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விழவில்லை. பனியை நம்பினால் ஆகாது, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

செவுரு கட்டிக்கடா என்று சொன்னார் அல்லவா? கட்டினேன். பெங்களூருக்குப் போய் மணல் சலித்தேன், சித்தாளாகச் செங்கல் சுமந்தேன், கொத்தனாரானேன், மேஸ்திரியானேன், அப்புறம் நானே காண்ட்ராக்ட் எடுத்தேன். அங்கே எத்தனையோ குடும்பம் இன்றைக்கு என் சுவருக்குள்ளேதான் படுத்துத் தூங்குகிறது. ஊரில் மச்சு வீட்டுக்கு எதிரே இருந்த மனை விலைக்கு வந்தபோது, நல்ல இடம் வேறு இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதுதான் வேண்டும். தையிலும் மாசியிலும் சூரியன் நேர்கிழக்கில் எழுவதில்லை, தெற்கே சாய்ந்து எழும். கம்பு நட்டு நிழல் பார்த்து, மனையின் தெற்கு மூலையை ஒட்டி மூன்று மாடி எழுப்பினேன். பின்பனிக் காலத்தில் மச்சு வீட்டுச் சுவருக்கு என் வீட்டைத் தாண்டி வெயில் போக உச்சிவேளை ஆகும். சாந்து பூசுகிற அன்றைக்கு நான் விசிலடித்துக்கொண்டே பூசினேன்.

அவருக்கு வயசாயிற்று, பெரியம்மா போய்விட்டாள், பிள்ளைகள் வெளியூரில். கால் மரத்துப்போகிறது, காலை வெயிலில் உட்காருங்கள் என்று தருமபுரி டாக்டர் சொல்லிவிட்டாராம். தெருவில் வெயில் இருந்தது ஒரே இடத்தில், என் வீட்டுக்குப் பின்பக்கம், கிழக்குச் சுவரில். ஒரு தைமாதக் காலை, தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். நாற்காலி போடச் சொன்னேன். தலையில் எண்ணெய் வைத்திருந்தார். சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்தார்.

"செவுரு கறையாயிருமேப்பா."

"ஆவட்டும் பெரீப்பா, நல்லாச் சாயுங்க. நான் என்ன தாரா பூசி வெச்சிருக்கேன்?"

அவர் தடியைச் சுவரோரம் சாத்தி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாய்ந்தார். அன்றிலிருந்து தினமும் வந்தார். தினமும் சுக்குக் காப்பி கொடுத்தேன், தினமும் அந்தத் தார் வார்த்தையைச் சொன்னேன். ஊருக்கு வந்திருந்த ரோசா கேட்டுவிட்டு உள்ளே இழுத்துப்போய்ச் சண்டை போட்டாள்.

"தெனமும் சொல்லிக் காட்டிக்கிட்டே குடுத்தா அந்தக் காப்பி அவுருக்கு எப்பிடிண்ணா எறங்கும்? போன முடி எனக்கு அப்பவே மொளைச்சிருச்சு."

"எனக்கு மொளைக்கல" என்றேன்.

போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். மச்சு வீடு பூட்டிக் கிடக்கிறது. வெயில் படாத சுவரில் பாசி ஏறி, மாடி மூலையில் அரசங்கன்று வேர்விட்டு, காரை விழுந்து ஓட்டை தெரிகிறது. மாசிப்பனி மச்சைத் துளைத்துவிட்டது அம்மா, கொஞ்சம் நானும் பிடித்துத் தள்ளினேன். ஆனால் தெருவில் காலை வெயில் காய இப்போது ஒரு பிள்ளை கிடையாது, எண்ணெய் வாசனை கிடையாது, எது யார் கறை என்கிற சண்டை கிடையாது. என் சுவரில் மட்டும் உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில் ஒரே ஒரு கறை இருக்கிறது, வட்டமாக.

இந்தப் பொங்கலுக்குப் பெயிண்டு அடிக்க வந்த பையன் பட்டிச் சட்டியோடு அங்கே வந்து நின்றான்.

"ஐயா, இத மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவிரட்டுங்களா?"

"தொடாதடா. சுத்தி அடி."

"ஏனுங்க?"

"அது எங்க பெரீப்பா எடம்" என்றேன்.