நேர்கோட்டில் விமானம் இல்லை

தெரேசியாவுக்கு வந்த நியமனக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் தப்பு. ஆனால் அந்த வரியே அவள் வேலைக்கு உலை வைத்துவிடும் போலிருந்தது.

பிஜிக்கு வடக்கேயுள்ள தராவா தீவில் பதினோரு வருடம் வார்டு நர்சாக இருந்தவள். பிரசவ நர்சுக்கான பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை முதல் ஆளாகத் தேறினாள். கிடைத்தது கிறிஸ்துமஸ் தீவில், லண்டன் என்றே பெயருள்ள சிற்றூரில், பிரசவப் பிரிவின் தலைமைப் பதவி. கடிதம் சொன்னது: 'தூரம் 3,290 கிலோமீட்டர். விமான நேரம் நாலேகால் மணி. வியாழன் புறப்பட்டு வெள்ளி காலை எட்டு மணிக்குப் பொறுப்பேற்கவும். தவறினால் பதவி அடுத்தவருக்கு.'

யாரோ கம்ப்யூட்டரில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டி, வந்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒரே நாட்டின் தீவுகள்தான். ஆனால் வியாழக்கிழமை விமானம் தெற்கே பிஜிக்குத்தான் போகும், மூன்று மணி நேரம். அங்கே ஐந்து இரவு கிடந்து, செவ்வாய்க்கிழமை விமானத்தில் வடகிழக்கே ஐந்து மணி நேரம் பறந்தால்தான் லண்டன்.

திங்கட்கிழமை காலை, கடிதம் அனுப்பிய சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் பவுரோ நின்றபடியே கடிதத்தைப் பார்த்தார். மனு கொடுத்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.

"கம்ப்யூட்டர் சொல்லுது நாலேகால் மணின்னு. அதைவிட உனக்குத் தெரியுமோ?"

"கம்ப்யூட்டர் எப்படியோ போகட்டும் ஐயா. நான் விமானத்துலதானே போகணும்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கொண்டுவந்த பாயை அலுவலகத்தின் நடுவில் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் நின்று பேச தராவாவில் எவருக்கும் மனம் வராது. பவுரோ குனிந்து குனிந்து இரண்டு முறை அவளைக் கடந்து போனார். மூன்றாம் முறை, வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாயில் உட்கார்ந்துவிட்டால் பேச்சு முடியாமல் எழ முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

கையோடு கொண்டுவந்த பள்ளிக்கூடத்து வரைபடத்தை விரித்தாள். சிவப்பு நூலைத் தராவாவிலிருந்து லண்டனுக்கு நேராக வைத்தாள். பிறகு பிஜிக்கு இறக்கி, மறுபடி மேலே ஏற்றினாள். நூல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடியது. விமான அட்டவணையைப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த நேர்கோட்டுல பறக்கிற விமானத்தைக் காட்டுங்க. இப்பவே ஏறிப் போறேன்."

பவுரோ நூலை விரலால் இரண்டு தடவை தொடர்ந்து பார்த்தார். கடிதத்தை வாங்கி, 'கருணை அடிப்படையில் ஐந்து நாள் சலுகை' என்று எழுதி நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"சலுகை வேணாம் ஐயா. நான் தாமதமா வரலையே. கணக்குத் தப்புன்னு எழுதுங்க."

"விடாக்கண்டியா இருக்கியே, தாயே."

"லண்டன் போறவரைக்கும் அப்படித்தான்."

அவர் சலுகையை அடித்தார். 'நேர்கோட்டில் விமானம் இல்லை. பொறுப்பேற்கும் நாள் அடுத்த வாரப் புதன்' என்று எழுதி, முத்திரை குத்தினார். மை காய்ந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரேசியா எழுந்து பாயைச் சுருட்டினாள்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு லண்டன் ஆஸ்பத்திரி அலுவலக வாசலில் நின்றாள். இன்னும் கதவு திறக்கவில்லை.