தொப்பி மாட்டிக்கொண்ட அக்கா

சில வருஷங்களுக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் மனநோய் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வருகிறவர்களின் தலையில் பசை தடவி, மூளையில் ஓடும் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஒயர் தொப்பியை மாட்டிவிடுவதுதான் என் வேலை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாங்க என்று போனில் கெஞ்சுவேன். யார் கேட்டார்கள்? சொட்டச் சொட்ட வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஒருநாள் கூமாப்பட்டியிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பிக்கு, யாரோ காதுக்குள் பேசுவதுபோல் சத்தம் கேட்கும் நோய். நோய் இல்லாத உடன்பிறந்தவர்களையும் நாங்கள் பதிவு செய்வோம் என்பதால் அக்காவையும் வரச் சொல்லியிருந்தோம். தொப்பியைப் பார்த்ததும் அவன் மிரண்டு வாசலுக்கே போய்விட்டான்.

"ஏலே, ஷாக்கெல்லாம் அடிக்காதுல. இங்க பாரு, நான் மாட்டிக்கிடுதேன்" என்று சிரித்துக்கொண்டே அவள் வந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்துத்தான் அவனும் உட்கார்ந்தான்.

எல்லாம் முடிந்து பசையைத் துடைத்துவிடும்போது, தம்பி காதில் விழாமல் மெதுவாகக் கேட்டாள்.

"சிஸ்டர், எனக்கும் இது வருமா? சோழபுரத்துல மாப்பிள்ளை பாத்திருக்கு. அவிய வீட்டுல இதத்தான் கேக்காவ."

நான் நர்ஸ்கூட இல்லை. டாக்டரிடம் அழைத்துப் போனேன். "உடன்பிறந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வர்றதில்லம்மா. ஆனா வரவே வராதுன்னு எந்த மெஷினும் சொல்லாது" என்றார் அவர். உள்ளதைத்தான் சொன்னார். அவளுக்கு அது போதவில்லை.

சில மாதம் கழித்து அடுத்த பதிவுக்கு வந்தார்கள். அவளிடம் தனியாக, கல்யாணம் என்னாச்சு என்று கேட்டேன்.

"நின்னுபோச்சு சிஸ்டர். தம்பிக்குத் தெரியாது. தன்னாலதான்னு நெனச்சு வெந்துருவான்" என்றாள்.

அவள் தலை கழுவக் குழாயடிக்குப் போன நேரம், தொப்பியோடு உட்கார்ந்திருந்த தம்பி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சிஸ்டர், சத்தமெல்லாம் எனக்குத்தான் கேக்கு, அக்காவுக்குக் கேக்காதுன்னு மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிக் குடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீய."

ஐயோ, எனக்குத் தாங்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு அழுதேன்.

எதுவும் புரியாதவன் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்த அந்தப் பையன், அக்கா மனசு நோகக்கூடாதே என்று கல்யாணம் நின்றது தெரியாதவன் மாதிரியே இருந்திருக்கிறான்.