துரைக்குப் படைத்த வெற்றிலை

ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், சாமி படங்களுக்கு நடுவே, பானைக்குப் பேர்போன த்வாண்டே ஊர் மண்ணில் சுட்ட ஒரு தலை இருந்தது. முறுக்கு மீசை, தலைப்பாகை போன்ற ஏதோ ஒன்று, அகலத் திறந்த வாய். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கக் கப்பலேறி வந்த எங்கள் முதல் பாட்டனின் உருவம் அது என்று சொல்லி வளர்த்தார்கள். வெள்ளிதோறும் அந்த வாயில் வெற்றிலை பாக்கு வைப்போம். மூட்டை சுமந்தவருக்கு அவ்வளவு கொழுத்த கன்னம் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பக்தியில் உள்ள பெரிய வசதி அது.

அத்தை மகளின் திருமணத்தில் மணமக்கள் அதை விழுந்து வணங்குவதாக ஏற்பாடு. முதல் நாள் அதைக் கழுவும் பொறுப்பு, பட்டதாரி என்ற தகுதியால், எனக்கு வந்தது. வாய்க்குள் கறுத்துச் சிவந்த கறை; எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், சுடுவதற்கு முன்பே ஆணியால் கீறிய எழுத்துகள்: ‘துரை வாயில் துப்பு.’ கீழே பாட்டனின் பெயர். தலைப்பாகை என்று நாங்கள் நம்பியது விளிம்பு உடைந்த தொப்பி. கோயில் வகுப்பில் தமிழ் எழுத்துப் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால், துரையின் மானம் அதுவரை பத்திரமாக இருந்திருக்கிறது.

தன்னை வதைத்த துறைமுக அதிகாரியைப் பாட்டன் எச்சில் படிக்கமாக்கினார். வாரிசுகளான நாங்கள் கற்பூரம் காட்டி அந்தத் தவற்றைத் திருத்தியிருந்தோம்.

சொன்னால், பர்மியச் சம்பந்திகளிடம் முன்னோர் பெருமை பேசிவைத்த அத்தையின் முகம் வாடும். சொல்லாவிட்டால், மணப்பெண் துரைக்கு நெற்றி தரையில் பட வணங்குவாள். தேநீர் ஆறும்வரை எடைபோட்டுவிட்டு, தின்கன்ஜூன் பேட்டையிலிருந்து வந்திறங்கிய அத்தையிடம் சென்றேன்.

“அத்தை, இது பாட்டன் இல்லை. துரை. எச்சில் படிக்கம்.”

“நல்ல நாளும் அதுவுமா, படிச்ச வாயில வேற எதுவும் வராதா?”

எழுத்தைக் காட்டி உரக்கப் படித்தேன். வெற்றிலை மென்ற வாய் நின்றது.

“அப்ப என் முழங்கால் வலிய இவன்கிட்டயா இத்தனை வருஷம் சொல்லி அழுதேன்? அதான் கேக்கவே இல்ல!”

“சம்பந்தியம்மாவிடம் என்ன சொல்வது, அத்தை?”

“பாட்டன் கையெழுத்து எந்தப் பக்கம் இருக்கு?”

“அடிப்பக்கம்.”

“அப்ப அந்தப் பக்கம்தான் பாட்டன்.”

மறுநாள், கவிழ்த்துவைத்த படிக்கத்தின் அடியில் சந்தனமிட்டு, மணமக்கள் விழுந்து வணங்கினார்கள். ஏன் தலைகீழாக இருக்கிறது என்று மணமகனின் தாய் பணிவுடன் கேட்டார்.

“எங்கள் பரம்பரை வழக்கம்,” என்றார் அத்தை, குற்றமற்ற பர்மிய மொழியில்.

பரம்பரைக்கு அப்போது ஒரு நாள் வயது. துரை உடைந்த தொப்பியின்மேல் நின்றபடி, திறந்த வாய் மூடாமல், அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.