முதல் தண்ணீர் ரீலுக்கு

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஆறு பிள்ளைகள். லூமுட் கடற்கரையில் தூண்டில் போட்டுவிட்டு வந்த மூத்தவன், "தூண்டில் ரீல் இறுகிப்போச்சும்மா. பழசு லா, வீசிடலாம்," என்றான். வாங்கிச் சுற்றினேன். உப்பு கரகரத்தது.

அந்தச் சத்தம் என்னை நான் வளர்ந்த எஸ்டேட் தோட்டத்துக் குழாயடிக்கு இழுத்துப் போனது. கடலுக்குப் போய் வந்ததும் என் அம்மா இதே ரீலைத்தான் முதலில் கழுவுவார். குடத்தோடு நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

"அக்கா, புள்ளைங்களுக்கு முன்னாடி ரீலுக்கா குளியல்?"

"புள்ளைங்க துருப்பிடிக்காதுங்க லா!"

பிறகு தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. அப்படியே அறுபது வருடம் உழைத்த ரீல் இது. மூத்தவன் ஒரு வருடம் கழுவாமல் போட்டுவைத்தான்.

நானே கழுவி எண்ணெய் விட்டேன். சுற்றுகிறது. இனி இவனுக்குத் தர மாட்டேன்.

பேத்தி கவிதா, நான் சொல்லி நீ எழுதியதைச் சத்தமாகப் படி. உன் அப்பன் காதில் விழட்டும்.