புதன்கிழமைச் சபைக்கு ஒரு பயணம்

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் அனுப்புகிறவரே, அந்த ஆட்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை என்று கமிட்டியில் குறை சொல்கிறார். ஒரகடம் பக்கம் ஒரு சபையின் செயலாளர், தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் லேபர் கான்ட்ராக்டர். இது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவர் அனுப்பும் பெண்கள் சிலர், தங்கள் வார விடுமுறையான புதன்கிழமையில் தாங்களே ஆராதனை நடத்துகிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். போன புதன்கிழமை கிளம்பினேன். தொழிலாளர் நடுவே சபை நடத்த வழி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஒன்றரைக்கு ஏறி, கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து, இரண்டே முக்காலுக்கு இறங்கினேன். அங்கிருந்து வல்லக்கோட்டை ரோட்டில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"முருகன் கோயிலாபா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே, சரசக்கா மெஸ். ஜெபத்துக்கு."

"அந்தப் பொண்ணுங்க பாடிக்கினு இருக்குமே, அதுவா? பாட்டு நல்லாத்தான் கீது. சாம்பாருதான் சரியில்ல."

மதியச் சாப்பாட்டுக்கும் மாலை பஜ்ஜிக்கும் நடுவே மெஸ் காலியாக இருக்கும். அந்த நேரத்தை சரசக்கா வாடகை வாங்காமல் விட்டிருக்கிறார். உள்ளூர்க்காரர், இந்து. அவருக்கு ஒரே நிபந்தனை: "முடிச்சிட்டு டேபிள தொடச்சிட்டுப் போங்கடீ. போன வாரம் பூரா மெழுகுவத்தி சிந்திக் கீது."

அந்த வாரம் தலைவி ஜெபராணி. சாத்தான்குளம் பக்கத்துப் பெண், காருக்கு ஒயர் கட்டும் லைனில் ஒப்பந்த வேலை. தலைமை இங்கே வாரா வாரம் மாறுகிறது. லைனில் ஷிப்டு முடிந்து போகிறவர் நிலவரத்தை வருகிறவரிடம் ஒப்படைப்பது போல, இவர்களும் ஆட்களின் நிலவரத்தை ஒப்படைக்கிறார்கள். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும் ஜெபராணி அடுத்த வாரத் தலைவியிடம் சொன்னாள்: "எஸ்தருக்குக் காய்ச்சல் இப்ப இல்ல. மேகலாவுக்கு சனிக்கெழமயோட கான்ட்ராக்ட் முடியுது, வேற கம்பெனி பாக்கணும். அது பெண்டிங்."

அவள் கூப்பிட்டதால் வந்திருந்த, அந்தச் செயலாளரின் சபையின் இளம் போதகர் கேட்டார், "மேகலா நம்ம சபையாம்மா?"

"இல்லய்யா. எங்க ரூம்பு."

சபைத் தலைமை பற்றி நான் உட்கார்ந்து கேட்ட எந்தக் கருத்தரங்கிலும் இவ்வளவு தெளிவான பதில் வந்ததில்லை.

போதகரை அவள் அழைத்ததற்குக் காரணம் இருந்தது. திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் அவரால்தான் கொடுக்க முடியும். ஒரகடம் வந்து ஒன்றரை வருடமாக அவள் அதைப் பெறவில்லை.

"எங்களுக்குப் புதன்கெழம திருவிருந்து வேணும்யா."

"ஒரு ஞாயிறு லீவு போட்டு வந்துடும்மா."

"போட்டா, திங்கக்கெழம வராதன்னுருவாவ. நம்ம செக்ரட்டரிதானய்யா. நீங்களே லீவு கேட்டு வாங்கித் தாங்களேன்."

பெண்கள் சிரித்தார்கள். போதகரும் பாதி சிரித்தார். பிறகு கமிட்டியின் முடிவைச் சொன்னார்: செயலாளரை இந்தக் குழுவுக்குத் தலைவராக ஏற்றால் திருவிருந்து கொடுக்கலாம்.

"வேலைலதான் அவுக சொல்லுதத கேக்கோம். ஜெபத்துலயுமா?" ஜெபராணி குரலை உயர்த்தவில்லை. "அது வேண்டாம்யா. திருவிருந்து வேணும்."

மேசைகளைத் துடைத்துவிட்டு விடுதிக்குப் போனார்கள். இந்தக் குழு கலையாது. கமிட்டி தயவில் அது தொடங்கவுமில்லை.

போக நினைப்பவர்கள் மூன்று மணிக்குள் போய்விடுங்கள். முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள், அவர்கள் வேலைக்கு ஆபத்து. பிரசங்கம் தயாரித்துக்கொண்டு போகவேண்டாம், யாரும் கேட்கவில்லை. நாலரைக்கே திரும்பிவிடுங்கள், பிறகு ஒரகடம் சாலையில் பஸ் நகராது.

போதகர் என்னைத் தன் பைக்கில் ஒரகடம் கூட்டுரோடு வரை கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர். கமிட்டிக்குப் பயப்படுகிறார், அவ்வளவுதான். இறங்கியதும் சொன்னேன், "யாருக்கு அப்பம் குடுக்கணும்னு கான்ட்ராக்டர் முடிவு பண்ணக்கூடாதுய்யா. அடுத்த புதன் எடுத்துட்டு வாங்க."

அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டேன்.

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கய்யா."