மேகசின் துடைத்த மதியம்

இன்று மதியம் துப்பாக்கி சுடும் போட்டி முடிந்து, மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன். தரையில் பேப்பர் விரித்து, என் பிஸ்டலின் மேகசின்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். தோட்டா அடுக்கும் அந்த உறைக்குள் தூசி சேர்ந்தால் சுடும்போது சிக்கிக்கொள்ளும். பிஸ்டலைக் கிளப் லாக்கரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

பக்கத்து வீட்டுச் செல்வி நெற்றியில் ரத்தத்தோடு உள்ளே ஓடிவந்தாள். "யக்கா, கதவப் பூட்டு."

பூட்டுவதற்குள் அவள் புருஷன் உதைத்துத் திறந்தான். கையில் இரும்புக் கம்பி.

"வெளிய வாட்டி. இன்னைக்கு ஒன்னக் கொல்லாம விடமாட்டேன்."

அவள் முடியைப் பிடித்து இழுத்தான். தடுத்த என்னைச் சுவரில் தள்ளினான், உதடு கிழிந்தது. செல்வி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். கம்பி விழுந்தது. நான் அதை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தேன்.

கீழே விழுந்தவன் கண்ணில் மேகசின் பட்டது. "இவ துப்பாக்கி வச்சிருக்கா" என்று கத்திக்கொண்டே நொண்டி ஓடினான்.

யாரோ போன் செய்து கான்ஸ்டபிள் வந்தார். எங்கள் முகங்களைப் பார்க்கவே இல்லை. "பந்தூக் கிதர் ஹை?" துப்பாக்கி எங்கே என்பதுதான் முதல் கேள்வி. லைசென்ஸ் காட்டினேன். காலி மேகசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செல்வி தலையில் அழுத்தியிருந்த துண்டை எடுத்தாள். அடித்தது துப்பாக்கி இல்லை சாப், என் புருஷன் என்று ஹிந்தியில் சொன்னாள்.

அதன் பிறகுதான் அவனைத் தேடிப் பிடித்தார்கள். செல்வி தையல் போட்டுக்கொண்டு என் வீட்டில் தூங்குகிறாள்.

அவளுக்கு நல்ல வக்கீல் தெரிந்தால் சொல்லுங்கள். துப்பாக்கி பற்றிய அறிவுரை மட்டும் வேண்டாம். அது கான்ஸ்டபிளிடமே நிறையக் கிடைத்துவிட்டது.